ஃபோர் வீல் லீவர் அசையவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. ஒன்டாரியோவில் பனி உருகி, தரை காய்ந்துவிட்டது. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்ய இதுதான் நல்ல நேரம். இன்று நம் முன்னால் நிற்பது 1991-ஆம் ஆண்டு செவர்லே எஸ்-10 பிக்கப். இதன் ஃபோர் வீல் லீவர், பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ ஹை நிலையில் இறுகி நிற்கிறது. பாருங்கள், அழுத்துகிறேன், ஒரு நூல்கூட அசையவில்லை. இந்த நிலையில் பலரும் காலை ஊன்றிக்கொண்டு லீவரை இழுப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வெளியே துருவால் வந்த சிறிய சிக்கல், அந்த ஓர் இழுப்பில் உள்ளே கியரை நகர்த்தும் கவையான ஃபோர்க்கை வளைத்துவிடும்.

கருவி எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: லீவர் எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது? நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் ஹையில் என்றால், வண்டி கடைசியாக எங்கே ஓடியது என்று விசாரியுங்கள். இந்த வகை வண்டிகளில் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் வளைவு திரும்பும்போது முன் சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும், பின் சக்கரங்கள் குறைவாக உருள வேண்டும். இரண்டும் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் முறுக்காக ஏறி, பற்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. முன்னும் பின்னும் வேறு அளவு டயர் போட்டிருந்தாலும் இதே கதைதான். நேராகச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், முறுக்கு இறங்கியதும் லீவர் தானாக வழிவிடும்.

ஃபோர் லோ, அதாவது நான்கு சக்கரங்களும் மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கும் நிலை, விழவில்லை என்பது வேறு விஷயம். வண்டி அசையாமல் நின்றால் பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கலாம். மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் உருளவிட்டு, கியர்பாக்ஸை நியூட்ரலில் வைத்து மாற்றிப் பாருங்கள்.

நம் வண்டி டூ ஹையில் நிற்கிறது. அங்கே முன் ஷாஃப்ட் பூட்டப்படவே இல்லை, ஆகவே முறுக்குக்கு இடமில்லை. மிச்சம் இரண்டு சந்தேகங்கள்: வெளியே இருக்கும் இணைப்புகள், அல்லது கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் ஷாஃப்டுகளுக்குக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் உட்புறம். இதைப் பிரித்தறிய நான் நம்பும் சோதனை ஒன்றுதான். இரண்டும் சேரும் இடத்தில் கழற்றிவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். சோதனையின்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலைக் கடந்து போகும். அந்த நொடியில் கியர்பாக்ஸ் கியரிலோ பார்க்கிலோ இருந்தாலும் சக்கரங்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நீங்கள் அடியில் இருக்கிறீர்கள், வண்டி உருளும். கட்டை, கைப்பிரேக், சமதரை, மூன்றும் வேண்டும்.

இப்போது கீழே வாருங்கள். இந்த அலுமினியப் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ், மாடல் நியூ பிராசஸ் 231. பல ஜீப்புகளிலும் டாட்ஜ் பிக்கப்களிலும் இதே குடும்பம்தான். பக்கத்தில் ஒரு சிறிய கை நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலே இருக்கும் லீவரிலிருந்து வரும் கம்பி இதில் மாட்டுகிறது. கம்பியைக் கழற்றிவிட்டேன். ஸ்பேனரால் அந்தக் கையை மெல்லத் திருப்புகிறேன். கேட்டதா? டக். இன்னொரு டக். ஒவ்வொரு நிலையிலும் தெளிவாக உட்காருகிறது. உள்ளே ஆரோக்கியமாக இருக்கிறது, எனக்குப் பெரிய நிம்மதி. இந்தக் கையும் அசையாமல் இருந்திருந்தால் ஆயிலை வடித்துப் பார்த்திருப்பேன். அதில் உலோகத் துகளோ, ஃபோர்க்கின் பிளாஸ்டிக் பட்டைகள் உடைந்த துண்டோ வந்தால் பெட்டியைத் திறக்காமல் தீராது.

ஆக, குற்றவாளி வெளியே. லீவர் திரும்பும் அச்சைப் பாருங்கள், முழுவதும் துரு. குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டும் உப்பு இங்கேதான் வந்து தங்குகிறது. மேலே இருக்கும் ரப்பர் உறையும் கிழிந்திருக்கிறது, தண்ணீர் அந்த வழியாகவும் இறங்கியிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க ஊறவிட்டேன். மறுநாளும் சுத்தியலால் ஓங்கி அடிக்கவில்லை. கால் அங்குலம் இந்தப்பக்கம், கால் அங்குலம் அந்தப்பக்கம், மறுபடி எண்ணெய். பொறுமைக்குப் பலன் கிடைத்தது, அச்சு கழன்று வந்தது. உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி, நைந்துபோன பிளாஸ்டிக் புஷ்களை மாற்றி, புதிய ரப்பர் உறையுடன் மாட்டியாகிவிட்டது. கம்பியை மாட்டும்போது லீவரும் கீழே இருக்கும் கையும் ஒரே நிலையில் இருக்கிறதா என்று பார்த்து நீளத்தைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கியர் பாதியில் நின்று பற்களைத் தின்னும்.

இப்போது லீவர் எல்லா நிலைக்கும் போகிறது. ஆனால் ஃபோர் ஹையில் போட்டும் முன் சக்கரங்கள் இழுக்கவில்லை. இந்த எஸ்-10-இல் முன் ஆக்சிலை இணைப்பது வெற்றிட விசை. டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலே ஒரு ஸ்விட்ச், அதிலிருந்து குழாய்கள், பேட்டரித் தட்டுக்கு அடியில் வெற்றிடத்தால் இழுபடும் ஒரு சவ்வு (டயாஃப்ரம்), அது ஒரு கேபிளை இழுக்கும். ஸ்விட்சிலிருந்து குழாயைப் பிடுங்கிக் காட்டுகிறேன். உள்ளே சிவப்பாக ஈரம், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில். ஸ்விட்சின் சீல் போனால் இப்படித்தான் ஆயில் குழாய்க்குள் ஏறும், வெற்றிடம் வேலை செய்யாது. புதிய ஸ்விட்ச் வாங்கி வைத்திருக்கிறேன். குழாய்களைச் சுத்தம் செய்து மாட்டியதும், பண்ணைக்குப் பின்னால் இருக்கும் ஈரமண் பாதையில் ஓட்டிப் பார்த்துவிடலாம். வாருங்கள், பானட்டைத் திறக்கிறேன்.