அடி எங்கே போய் நின்றது?

நேயர்களுக்கு வணக்கம். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். சர்வேயர் என்பார்கள். அதனாலேயே, "அண்ணே, ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு பாதி விலைக்கு வருது, லேசா அடிபட்டதாம், வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். என்ன விலை, என்ன கலர் என்பதெல்லாம் அப்புறம். அடி எங்கே போய் நின்றது என்றுதான் முதலில் கேட்பேன்.

பம்பர், ஹெட்லைட், ரேடியேட்டர், ஃபெண்டர், பானெட் எல்லாம் போல்ட்டில் நிற்கிற சாமான்கள். கழற்றலாம், புதுசு மாட்டலாம். காசு போகும், அவ்வளவுதான். அடி அதையும் தாண்டி, முன்பக்கத்தைத் தாங்கும் நீளச் சட்டமான சேசிஸ் லெக், கூரையைத் தாங்கும் தூணான பில்லர், தரைத்தகடு வரை போயிருந்தால் கதை வேறு. கடைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற குடும்பக் காரில் அடியால் வந்த நெளிவு நாலைந்து மில்லிமீட்டர் மிச்சமிருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாமலே போகலாம். ஸ்போர்ட்ஸ் காருக்கு நாம் கொடுக்கிற கூடுதல் காசே, வேகமாக வளைவில் திரும்பும்போது நினைத்த கோட்டில் போகிறதே, அதற்குத்தான். அது போய்விட்டால் மிஞ்சுவது பார்க்க அழகான இரண்டு கதவு வண்டி.

ஒரு உதாரணத்தோடு பேசினால் தெளிவாக இருக்கும். 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆடி டிடி காரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவுக்கு முழு வண்டியாக இறக்குமதியான கார். இப்போது பழைய கார் சந்தையில் கை மாறிக்கொண்டிருக்கிறது. அதன் பாடியில் 69 சதவீதம் அலுமினியம், 31 சதவீதம் இரும்பு. முன்பாகம் முழுக்க அலுமினியம். கதவு, டிக்கி மூடி, பின்பக்கத் தரை மட்டும் இரும்பு. எடையை முன்னும் பின்னும் சமன்படுத்த அப்படிச் செய்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் காந்தம் கொண்டுபோவார்கள். ஒட்டாவிட்டால் அந்த இடத்தில் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தக் காரில் பானெட்டிலும் முன் ஃபெண்டரிலும் காந்தம் ஒட்டவே ஒட்டாது, கதவில் கப்பென்று பிடிக்கும். முன்பக்கம் பூரா பட்டி என்று சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் கனம் அளக்கும் கருவியிலும் அலுமினியத்தைப் படிக்கும் வகை வேண்டும். கம்பெனிப் பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரே பேனலில் 500, 600 என்று எகிறினால் கீழே பட்டி இருக்கிறது.

அலுமினியத்தால் வருகிற உண்மையான சிக்கல் ரிப்பேரில்தான். இரும்பு நசுங்கினால் நம் ஊர் டிங்கரிங் ஆட்கள் இழுத்து, தட்டி, ஓரளவு பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அந்தக் கைக்கு நான் எப்போதுமே தலைவணங்குகிறவன். அலுமினியம் அந்தத் தட்டுக்கு அடங்காது, விரிசல் விடும். கண்டபடி சூடு காட்டினால் பலம் குறையும். ஃபேக்டரியில் ரிவெட்டும் பசையுமாகச் சேர்த்த இடத்தை அதே முறையில்தான் சேர்க்க வேண்டும். இரும்பைத் தேய்த்த அதே டிஸ்க்கால் அலுமினியத்தைத் தேய்த்தால், இரும்புத்தூள் அதில் பதிந்து, பெயிண்டுக்கு அடியில் அரிப்பு தொடங்கும். சென்னை மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அது இன்னும் சீக்கிரம். அதனால் இந்தக் காரில் முன் சேசிஸ் லெக் வளைந்திருந்தது என்று தெரிந்தால், "சரி பண்ணியாச்சு" என்ற வார்த்தை எனக்குப் போதாது. யார் பண்ணினார்கள், பாடியைப் பிடித்து அளவு பார்க்கிற சட்டமான ஜிக்கில் ஏற்றி அளந்தார்களா, அளவுத்தாள் எங்கே என்று கேட்பேன். தாள் இல்லாவிட்டால் நான் வாங்க மாட்டேன்.

இதற்கு நேர்மாறாக, "டோட்டல் லாஸ்" என்ற பேரைக் கேட்டே ஓடிவிடவும் வேண்டாம். நம் நாட்டில் ரிப்பேர் செலவு, வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் பண்ணுவது கட்டுப்படியாகாது என்று கணக்கு. வருஷம் ஆக ஆக ஐ.டி.வி. இறங்கும், இறக்குமதி பார்ட்ஸ் விலை இறங்காது. இரண்டு ஏர்பேக், ஒரு ஹெட்லைட், ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்சர் என்று பட்டியல் போட்டாலே பழைய வண்டி அந்த 75 சதவீத எல்லையைத் தாண்டிவிடும், எலும்புக்கூடு நேராக இருந்தாலும்கூட. அப்படிப்பட்ட வண்டி நல்ல வாங்கலாகவும் அமையலாம். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து இதைப் பிரித்தே எழுதுகிறார்கள்: கட்டமைப்பில் அடி என்றால் எஸ், இல்லையென்றால் என். நம் ஆர்.சி. புக்கில் அப்படி ஒரு முத்திரையும் கிடையாது. நாம்தான் தோண்ட வேண்டும்.

தோண்டுவதற்கு ஒரு நல்ல இடம் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். நாலைந்து வருஷத்துப் பாலிசிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 45 இருந்த இடத்தில் மறு வருஷம் திடீரென்று பூஜ்யம் என்றால், பெரும்பாலும் நடுவில் ஒரு கிளெய்ம் போயிருக்கிறது. "சின்னக் கீறல் சார்" என்று விற்பவர் சொன்னால், அந்தக் கிளெய்மின் பில்லைக் கேளுங்கள். கீறலுக்கு யாரும் சீட் பெல்ட் மாற்ற மாட்டார்கள்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் நான் கறார். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் நம்பிவிட முடியாது. வெடித்த பைக்குப் பதில் ரெசிஸ்டர் என்கிற சின்ன மின்தடையைச் சொருகி கம்ப்யூட்டரை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பதோடு, மூடியைக் கழற்றி உள்ளே பை இருக்கிறதா என்று பார்க்கிற மெக்கானிக் வேண்டும். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து, அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் தேதியைப் பாருங்கள். வண்டி 2010, பெல்ட் 2016 என்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. பெல்ட்டின் கடைசி முழத்தில் சேற்றுக்கறை தெரிந்தால், அது வெள்ளத்தில் நின்ற வண்டி. பேரமே பேசாதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

அடுத்து நாலு சக்கர அலைன்மெண்ட். தாளை பிரிண்ட் எடுத்துக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முன் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, சரியாக இருப்பது பெரிய சங்கதி இல்லை, அதைத் திருகியே சரி பண்ணிவிடலாம். முன்சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வைக் கேஸ்டர் என்பார்கள், பல வண்டிகளில் அதைத் திருக வழியே கிடையாது. இடத்துக்கும் வலத்துக்கும் அதில் நல்ல வித்தியாசம் இருந்தாலோ, பின்சக்கரங்கள் சேர்ந்து ஒரு பக்கமாகத் தள்ளினாலோ, உள்ளே ஏதோ இடம் பெயர்ந்திருக்கிறது. அது சஸ்பென்ஷன் ஆர்ம் என்றால் மாற்றிவிடலாம். அது தாங்கி நிற்கிற இடமே நகர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் காசு. அடிபடாத அதே வருஷத்து வண்டியின் விலையிலிருந்து பாக்கி ரிப்பேர் செலவைக் கழித்துவிட்டு, அதுதான் நியாயமான விலை என்று பலர் நினைக்கிறார்கள். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குபவரும் இதே காந்தத்தோடு வருவாரே, அதற்கும் சேர்த்துக் கழிக்க வேண்டும். கால்வாசியாவது கழிப்பது என் வழக்கம். ரிப்பேர் எஸ்டிமேட்டையும் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்வேன், பிரித்துப் பார்த்தால் எப்போதும் கூடத்தான் வரும். ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான், அது எப்போது முடிகிறது என்று பாருங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. பேர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இத்தனையும் கழித்த பிறகு வருகிற தொகையைச் சொன்னால் விற்பவருக்குக் கோபம் வரும். வரட்டும். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை, பெரும்பாலும் அவரே திரும்பக் கூப்பிடுவார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.