செனோகியர்ஸில் விஞ்சி நிற்பவை நிறைகளே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஸ்கொயர் நிறுவனம் 1998 பிப்ரவரியில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ‘செனோகியர்ஸ்’ என்னும் அறிவியல் புனைவு ஆர்.பி.ஜி.யில், அதாவது நாமே ஒரு பாத்திரமாகிக் கதையை நடத்திச் செல்லும் வீடியோ விளையாட்டில், விஞ்சி நிற்பவை நிறைகளா, குறைகளா என்பதே இம்மன்றத்தின் வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றங்களை முன்வைத்தார். இரண்டு டிஸ்குகளில் வந்த இதன் இரண்டாம் டிஸ்கில் விளையாட்டு பெரும்பாலும் நின்றுபோய், பாத்திரங்கள் நாற்காலியில் அமர்ந்து கதையை வாயால் சொல்லத் தொடங்குகின்றன என்றார். இதில் வரும் பேபல் கோபுரம் என்ற இடத்தில் ஏறுவது ஒரு வதை என்றார். இதிலுள்ள உளவியலும் தத்துவமும் பெயரளவில் ஒட்டவைத்தவை என்றார்.

பேபல் கோபுரத்தை நான் காக்கப் போவதில்லை. மேடை விட்டு மேடை தாவும் வேளையிலேயே எதிரிகள் குறுக்கிட்டுச் சண்டை மூண்டுவிடும். அது முடிந்து திரும்பும்போது எந்தத் திசையில் தாவினோம் என்பதே மறந்து, தவறி விழுந்து, ஏறிய உயரத்தை மீண்டும் ஏற வேண்டியிருக்கும். நண்பர் சொல்லாமல் விட்ட இன்னொன்றையும் நானே சேர்க்கிறேன்: உரையாடலின் எழுத்துகள் ஊர்ந்து வருகின்றன, அவற்றை விரைவுபடுத்த வழியில்லை. இவை ஐயத்துக்கு இடமில்லாத குறைகள். ஆனால் அறுபது மணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடிய ஒரு விளையாட்டில் இவை உண்டாக்கும் சலிப்பையும், தொடக்கத்திலேயே லஹான் கிராமம் நமக்குள் உண்டாக்கும் காயத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன்.

லஹான் ஒரு மலையடிக் கிராமம். படம் வரையும் இளைஞன் ஃபேயாக நாம் அங்கே வீடுவீடாக நடக்கிறோம். மறுநாள் நண்பன் டிமோத்திக்கும் ஆலிஸுக்கும் திருமணம். அதற்குக் கேமரா இரவல் வாங்க மலைமேல் இருக்கும் மருத்துவர் சிட்டான் வீட்டுக்குப் போகிறோம். அவசரமே இல்லாத ஒரு மாலைப் பொழுது அது. இரவில் கியர் எனப்படும் இராட்சத எந்திரங்கள் கிராமத்துக்குள் இறங்குகின்றன. ஊரைக் காக்கிறோம் என்று நம்பி, ஆளில்லாமல் நிற்கும் வெல்டால் என்ற கியரில் ஏறிப் பொத்தானை அழுத்தியவர்கள் நாம். டிமோத்தி சுடப்பட்டு விழ, ஃபே நிலைதவற, அவன் ஏறிய அதே எந்திரத்தால் கிராமம் அழிகிறது. ஆலிஸின் தம்பி, சிறுவன் டான், நம்மைப் பார்த்துக் கொலைகாரன் என்று கத்தும்போது அந்தச் சொல் விளையாடும் நம்மீதும் விழுகிறது. வேறு யாரோ செய்த அழிவாகக் காட்டியிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

சண்டை முறையும் இதே கதையின் பகுதியாகவே இயங்குகிறது. தரையில் நின்று போரிடும்போது மெல்லிய அடிக்கு 1 புள்ளி, நடுத்தர அடிக்கு 2, வலிய அடிக்கு 3 என்று செலவாகும். அடிகளைக் குறிப்பிட்ட வரிசையில் தொடுத்துப் பழகப் பழக, ‘டெத்ப்ளோ’ எனப்படும் வித்தைகள் ஒவ்வொன்றாகக் கைவரும். கியருக்குள் ஏறியதும் கணக்கு மாறிவிடுகிறது: ஒவ்வொரு அடியும் எரிபொருளைக் குடிக்கும், அது தீர்ந்தால் மலைபோன்ற எந்திரமும் செயலற்று நிற்கும். அதன் வித்தைகளோ, உள்ளே இருக்கும் மனிதன் தன் கைகால்களால் முன்பே கற்றிருந்தால்தான் திறக்கும். மனிதர்களை எந்திரத்தின் உதிரிப் பாகங்களாகக் கருதும் ஒரு சக்தியை எதிர்ப்பதே இக்கதை. அதில் மனிதன் கற்றதைத் தாண்டி எந்திரத்தால் எதையும் செய்ய முடியாது என்ற விதியைச் சண்டை முறையிலேயே பதித்தவர்களின் நுட்பத்தை எதிரணி ஒரு வரியிலாவது பேசியிருக்க வேண்டும்.

அடுத்து, அடிமனத்தின் கட்டற்ற உந்துதலைக் குறிக்கும் ஃப்ராய்டின் ‘இட்’ என்ற சொல்லையும் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானின் பெயரையும் பாத்திரங்களுக்குச் சூட்டியது வெறும் அலங்காரம் என்ற குற்றச்சாட்டு. லக்கான் என்பவன் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓவியன், ஃபேயின் முற்பிறவி. அவன் காலத்துப் பெண்ணான சோஃபியாவை அவன் வரைந்து முடிக்காமல் விட்ட ஓவியத்தை நீசான் ஊரில் நாம் முதல் டிஸ்கிலேயே பார்த்துவிடுகிறோம். அதிலுள்ள முகம் ஏன் கதாநாயகி எல்லியின் முகமாக இருக்கிறது என்பது புரியப் பல மணி நேரம் ஆகிறது. ‘இட்’ இன்னும் ஆழமானவன். நாம் நடத்திவந்த ஃபே, மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் உருவான ஓர் ஆளுமை. அவனுக்கு அடியில், தாயின் கண்ணெதிரிலேயே கொடிய சோதனைகளுக்கு ஆளான ஒரு சிறுவன் ஒடுங்கிக் கிடக்கிறான். தன்னால் தாங்க முடியாத வலியைத் தாங்க அவன் உண்டாக்கியவனே இட். வலி முழுவதும் இட்டின் பங்குக்கு வந்தது. கடைசிக் கணத்தில் தாய் தன் உடலைக் குறுக்கே கொடுத்து மகனைக் காத்த அந்த ஒரு நினைவை மட்டும் சிறுவன் தன்னோடு பூட்டி வைத்துக்கொண்டான். மனத்துக்குள் நினைவுகள் திரைப்படச் சுருளாக ஓடும் அந்த இடத்தில், ஃபே சிறுவனிடம் பேசி, இட் ஒருபோதும் கண்டிராத அந்தக் காட்சியை அவனுக்கும் காட்டச் செய்கிறான். உலகையே அழிக்கத் துணிந்தவன் அதைக் கண்டபின் தணிகிறான். என் அறிவுக்கு எட்டியவரை, அக்காலத்து ஆர்.பி.ஜி.களில் ஒரு மனநோவை இவ்வளவு பொறுப்போடும் பரிவோடும் கையாண்ட காட்சி வேறில்லை. நடுவர் அவர்களே, இந்தக் காட்சி இருப்பது நண்பர் தள்ளிவைத்த இரண்டாம் டிஸ்கில்தான்.

அந்த டிஸ்க் ஏன் அப்படி ஆயிற்று என்பதையும் மன்றம் அறிய வேண்டும். இயக்குநர் தெட்சுயா தகஹாஷியும் கவோரி தனகாவும் முதலில் இக்கதையை, ஸ்கொயரின் புகழ்பெற்ற விளையாட்டு வரிசையில் அடுத்ததான ‘ஃபைனல் ஃபேன்டஸி 7’ஆகவே முன்மொழிந்தார்கள். அந்த வரிசைக்கு இது மிகவும் இருண்டது, சிக்கலானது என்று கருதப்பட்டதால் தனி விளையாட்டாக உருப்பெற்றது. குழுவில் புதியவர்கள் பலர். முப்பரிமாணப் பணியில் அனுபவம் குறைவு. கையில் இருந்த காலமோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். அதற்குள் முடிக்க முடியாது என்று தெரிந்தபோது, முதல் டிஸ்கோடு நிறுத்திவிடலாம் என்ற யோசனை எழுந்தது. அப்படி நிறுத்தாமல், கதையைச் சுருக்கியேனும் இறுதிவரை கொண்டுசெல்லத் தாமே இந்த வழியை முன்வைத்ததாகத் தகஹாஷி பின்னாளில் ஒரு பேட்டியில் தெரிவித்தார். நாற்காலியும், அதன் பின்னால் ஊசலாடும் சிலுவைப் பதக்கமும் கலைநோக்கோடு தேர்ந்தவை என்று வாதிடும் ரசிகர்கள் உண்டு. நான் அவ்வாறு வாதிட மாட்டேன், ஏனெனில் அது நேரமின்மையால் விளைந்தது என்பதைப் படைத்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதனால் நேர்ந்த இழப்பையும் நான் மறைக்கவில்லை. சண்டை அரங்கின் வீரனாக அறிமுகமாகும் ரிக்கோ, கிஸ்லெவ் நாட்டை ஆளும் கைசரின் மகன் என்று நமக்குத் தெரியவருகிறது. ஆனால் தந்தையும் மகனும் மனம்விட்டுப் பேசும் காட்சி கடைசிவரை வரவே இல்லை. நாமே நடந்து கடந்திருக்க வேண்டிய இடங்கள் சில வரிகளில் சொல்லி முடிக்கப்படுகின்றன. இதை எண்ணும்போது எதிரணி நண்பருக்கு இருக்கும் அதே வருத்தம் எனக்கும் இருக்கிறது.

ஆனாலும், அன்று அந்தக் குழுவின் முன் மூன்றாவது வழி ஒன்று இருக்கவில்லை. முதல் டிஸ்கோடு நிறுத்தியிருந்தால் ரிக்கோவின் குறை நமக்குத் தோன்றியிராது. ஆனால் லஹானில் தொடங்கிய குற்ற உணர்வுக்கு விடை கிடைத்திராது, சோஃபியாவின் முகத்துக்குப் பொருள் விளங்கியிராது, தாய் தன்னைக் காத்தாள் என்பதை இட் அறியாமலே இருந்திருப்பான். குறையோடு நிறைவடைந்த இந்த விளையாட்டா, குறை தெரியாமல் பாதியில் நின்றிருக்கக்கூடிய அந்த விளையாட்டா, இரண்டில் எதைத் தாம் கையில் எடுப்பார் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.