தீர்மானப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஊராட்சி என்றதும் உத்திரமேரூர் குடவோலையை நினைவுகூர்வது நம் மேடை மரபு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடத்தையும் ஓலையையும் சொல்கிறார்களே தவிர, அதில் உள்ள கணக்கு விதியைச் சொல்வதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களின் பெயரையும், அவர்களுடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்கிறது அந்த விதி. நிலம் உள்ள ஆண்கள் மட்டுமே அங்கே தகுதி பெற்றார்கள் என்பதால் அதை முழுமையான மக்களாட்சி என்று நான் கொண்டாட மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு விதியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்றைய கிராம சபைக்கு அடிப்படை, 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், அதையொட்டி வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்களில் கூடிவந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், அதற்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். எனவேதான் கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்துக்குத் தீர்மான நோட்டு சுற்றிவருகிறது; மேலே பாதிப் பக்கம் வெறுமையாக இருக்க, கீழே நாம் கையெழுத்துப் போடுகிறோம். பிறகு அந்த வெறும் இடத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் என் நெடுநாள் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன், நம் செட்டிநாட்டுச் சீமையில் ஒரு சிற்றூரின் கிராம சபையில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பேச்சு ஊருணியைப் பற்றி வந்தது. நம் பக்கத்து ஊருணிகளுக்கு ஆறு கிடையாது, அணை கிடையாது. பொட்டலில் விழும் மழை வரத்துக்கால் வழியாக வந்து சேர்ந்தால்தான் உண்டு. நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்துப் பழகிய ஓர் அப்பத்தா எழுந்து, ஊருணியைத் தோண்டினால் போதாது, மேற்கே அடைபட்டுக் கிடக்கும் வரத்துக்காலைத் திறக்க வேண்டும் என்றார். அனைவரும் ஆமோதித்தார்கள். நோட்டும் மைப்பெட்டியும் அவரிடம் வந்தபோது, பெருவிரலை மையில் தோய்த்தவர் அதைத் தாளில் வைக்காமல் அப்படியே நிறுத்தி, "எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கய்யா, எங் காதுல விழட்டும்" என்றார்.

ஊராட்சிச் செயலர் தயங்கினார். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அலுவலரான பற்றாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசித்தார்கள். ஊருணி தூர்வார அனுமதி என்று இருந்தது; வரத்துக்கால் என்ற சொல்லே அதில் இல்லை. "உலைப்பானையக் கழுவி வச்சாப் போதுமா, தண்ணி எந்த வழியா வரும்?" என்று அவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது, அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வரத்துக்கால் நோட்டில் ஏறியது. அதற்குள் விரலில் மை காய்ந்துவிட்டதால் மறுபடியும் தோய்த்துத்தான் ரேகை வைத்தார். பேனா பிடிக்கத் தெரிந்த நான், வெறும் பக்கத்தில் முன்னதாகவே கையெழுத்திட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எழுதப்பட்ட தீர்மானத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி மலையைச் சொல்லலாம். அங்கே பாக்சைட் வெட்டி எடுக்கும் திட்டம் வந்தபோது, டோங்ரியா கோண்டு பழங்குடிகள் அது தாங்கள் வழிபடும் நியமராஜாவின் மலை என்றார்கள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி அவர்களுடைய உரிமைகளைக் கிராம சபைகளே ஆராய்ந்து முடிவு சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ள ஒருவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. மலையைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு தேர்ந்தெடுத்தது 12 ஊர்களை மட்டுமே. அந்த 12 ஊர்களும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. நீதிபதியின் கண் முன்னால் பதிவான சொல்லை, வெறும் பக்கத்தில் வாங்கிய கையெழுத்தைப் போலப் பிறகு மாற்றி எழுத முடியவில்லை. பழங்குடிப் பகுதிகளுக்கென்று 1996-இல் வந்த பெசா சட்டம் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது; அது அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையின்கீழ் வரும் பகுதிகளுக்கு மட்டுமே உரியது, இங்கே அப்படிப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆனால் வன உரிமைச் சட்டம் நம் மலை ஊர்களுக்கும் உண்டு.

மீண்டும் அந்த நோட்டுக்கே வருகிறேன். வயதானவன் சொன்னதையே சொல்வான், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கச் சொல்லுங்கள், வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்குக் கேட்கத் தவறியிருந்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தீர்மான நகல் வேண்டும் என்று பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நகல் கைக்கு வந்ததும் முதலில் கூட்ட நாளைப் பாருங்கள், அடுத்து உங்கள் பெயருக்கு மேலே இருக்கும் வரியைப் பாருங்கள்.

வானொலி நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் என்று பொருள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்றவை பேரூராட்சிகள், அங்கே கிராம சபை கிடையாது. காரைக்குடி 2024 முதல் மாநகராட்சி. நகரவாசிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று சட்டம் தந்திருக்கிறது. அங்கேயும் ஒரு நோட்டு உண்டு. அதைப் பற்றிப் பேச எழுதி வைத்திருந்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். வணக்கம்.