வாங்கியவர் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் எங்கே?

அவைத் தலைவர் அவர்களே, நம் தமிழ்ச் சங்கச் செயலாளர் அவர்களே, விடுமுறை நாளிலும் நமக்காக அரங்கைத் திறந்துவிட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்து இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் மருத்துவர் ஐயா அவர்களே, பின்கட்டில் பொங்கலுக்கு மிளகு தாளித்துக்கொண்டிருக்கும் தொண்டர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய பேராசிரியர் ஐயா என்னைக் கலைக் காவலர் என்றார். வீட்டில் எனக்கு வேறு பெயர். அதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

பழைய அமெரிக்கக் கலைக் கண்ணாடிகளை, அதாவது நிறக் கண்ணாடியில் செய்த குடுவை, விளக்கு போன்றவற்றைச் சேகரிப்பது பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன்: நிறம் எப்படி வந்தது, போலியை எப்படிப் பிடிப்பது, என்ன விலை கொடுக்கலாம். “நெல்லுக் குத்துகிறவளுக்குக் கல்லுப் பரீட்சை தெரியுமா?” என்று ஒரு பழமொழி உண்டு. கல்லு என்றால் இங்கே இரத்தினக் கல். நான் எந்த மேடை ஏறினாலும் இது கூடவே ஏறிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிறம். 1883இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஜோசப் லாக் என்பவர் ‘ஆம்பரினா’ கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். தேன் நிறக் கண்ணாடிக் குழம்பில் சிறிதளவு தங்கம் கலந்திருக்கும். ஊதி உருவாக்கிய பாத்திரத்தைச் சற்று ஆறவிட்டு, மேல்பகுதியை மட்டும் மறுபடி உலையில் காட்டினால் அங்கே மட்டும் சிவப்பு ஏறும். மேலே சிவப்பு, கீழே தேன். இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கோடு காட்ட முடியாது. 1885இல் நியூ பெட்ஃபோர்ட் ஊரின் மவுண்ட் வாஷிங்டன் ஆலை, தங்கத்தோடு யுரேனியமும் சேர்த்து ‘பர்மீஸ்’ என்ற கண்ணாடியைச் செய்தது. புற ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். ஒளிர்ந்துவிட்டதே என்று பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். 1970இல் ஃபென்டன் என்ற இன்னொரு ஆலை மறுபடி பர்மீஸ் செய்தது, அதுவும் ஒளிரும். போலி பற்றி இப்போதைக்கு இது போதும்.

இப்போது ஒரு கதை. நியூயார்க்கில் மேரி மார்கன் என்று ஒரு சீமாட்டி. கப்பல் முதலாளி சார்லஸ் மார்கனின் மனைவி. கணவர் போனபின் கலைப்பொருள்களாக வாங்கிக் குவித்தார். அவரும் போய்ச் சேர்ந்தபின், 1886 மார்ச்சில் எல்லாம் ஏலத்துக்கு வந்தது. அதில் சீனாவின் காங்ஷி பேரரசர் காலத்துப் பீங்கான் குடுவை ஒன்று. ஏறக்குறைய ஒரு சாண் உயரம், பீச் பழத்தின் செம்மை. கேட்டார்கள், கேட்டார்கள், கடைசியில் எவ்வளவுக்குப் போயிற்று தெரியுமா? 18,000 டாலர்! 1886இல், ஐயா! பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு சாடிக்கு இவ்வளவா என்று ஊரே வாயைப் பிளந்தது. வாங்கியவர் பால்டிமோர் நகரத்துச் சேகரிப்பாளர் வால்ட்டர்ஸ். இன்று அது அங்கே அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் ஊரில் ஹாப்ஸ், பிராக்குனியர் என்ற கண்ணாடி ஆலை. ‘பதினெட்டாயிரம் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? அதே வடிவத்தைக் கண்ணாடியில் செய்து தருவோம்’ என்று கிளம்பிவிட்டார்கள்! உள்ளே பால் வெள்ளைப் பூச்சாக ஒரு கண்ணாடி, அதன்மேல் மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்புக்கு ஏறும் இன்னொரு கண்ணாடி. மூலக் குடுவைக்கு இருந்த தாங்கியைக்கூட விடவில்லை. அதன் விசித்திர விலங்குகளையும் தேன் நிறக் கண்ணாடியில் வார்த்தார்கள். குடுவையின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் வீலிங் சரக்காக இருக்க வாய்ப்புண்டு. இப்படிப் பீச் நிறம் ஏறும் கண்ணாடிக்குப் ‘பீச்ப்ளோ’ என்று பெயர். மவுண்ட் வாஷிங்டன் செய்த பீச்ப்ளோவுக்கு அந்த உள்ளடுக்கு கிடையாது. அன்றைக்கு நகல் என்று விற்ற அந்தக் குடுவையைத்தான் இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

அந்தக் கண்ணாடிக் குடுவைக்கு என்ன பெயர்? ‘மார்கன் குடுவை’. சக்கரம் சுற்றிய சீனக் குயவன் பெயர் இல்லை. வீலிங் உலை முன் வெந்தவன் பெயரும் இல்லை. பணம் கொடுத்த அம்மாள் பெயர்! நான் வந்த வேலை இதுதான். விலை விவரம் இன்னொரு நாள்.

நிறக் கண்ணாடித் துண்டுகளை இணைத்துச் செய்த டிஃபனி விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருடமாக ஒரே பெயர், லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி. அவருடைய நிறுவனத்தின் பெண்கள் பிரிவை நடத்தியவர் கிளாரா டிரிஸ்கால். தும்பி விளக்கையும், விஸ்டீரியா என்ற பூங்கொடியின் பெயர் கொண்ட விளக்கையும் வடிவமைத்தவர் அவர். விஸ்டீரியா மேல்கூடு ஒன்றுக்கு ஏறக்குறைய 2,000 கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொரு இதழுக்கும் கண்ணாடிப் பலகையில் எந்த இடத்து நீலம், எந்த இடத்து வெளிறல் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வெட்டியவர்கள் பெண்கள். நெல்லுக் குத்துகிறவளுக்குக் கல்லுப் பரீட்சை தெரியுமா? பரீட்சையே அவள்தானே ஐயா வைத்தாள்! ஆண்களின் தொழிற்சங்கம் முரண்டு பிடித்ததில், பெண்கள் 27 பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். கல்யாணம் ஆனால் வேலையும் போயிற்று.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? கிளாரா தன் தாய்க்கும் தங்கைகளுக்கும் எழுதிய கடிதங்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அவற்றை வைத்துத்தான் 2007இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கம் கண்காட்சியே நடத்தியது.

ஆகவே, வாசலில் மேசைமேல் ஒரு மனு இருக்கிறது. ஏலப் பட்டியலிலும் காட்சிப் பலகையிலும், தெரிந்த இடத்திலெல்லாம் செய்தவர் பெயரை அச்சிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. உங்கள் அம்மா, பாட்டி எழுதிய இன்லேண்ட் லெட்டர்கள் வீட்டில் இருந்தால் கொண்டுவந்து போடுங்கள். சங்கம் ஸ்கேன் செய்து திருப்பித் தரும், செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இல்லை என்று அவர் தலையாட்டினாலும் நான் பார்க்கப்போவதில்லை. மருத்துவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் பொங்கலுக்குப் போக வேண்டும். நன்றி, வணக்கம்.