பந்தைக் கொடுக்கும் முன் பேசுங்கள்

(புதிய நடுவர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

கூடைப்பந்து நடுவரின் வேலையில் பெரும்பகுதி தூரத்திலிருந்து நடப்பது. விசில் ஊதுகிறோம், கையை உயர்த்துகிறோம், மேசைக்குச் சைகை காட்டுகிறோம். ஆட்டக்காரரின் பக்கத்தில் நின்று, முகம் பார்த்து நாலு வார்த்தை பேசக் கிடைக்கிற இடம் த்ரோ-இன்தான், அதாவது கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறியும் நேரம். ஃபவுலுக்குப் பதிலாகத் தடையில்லாமல் கூடைக்கு எறியும் ஃப்ரீ த்ரோவிலும் பக்கத்தில் நிற்கிறோமே என்பீர்கள். சரிதான், ஆனால் அங்கே “இரண்டு ஷாட்” என்பதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. த்ரோ-இன்னில் சொல்லாமல் விட்ட வார்த்தை, அடுத்த ஐந்து நொடிக்குள் விசில் ஊத வேண்டிய தப்பாக வந்து நிற்கும்.

பந்தை உள்ளே எறிய எறிபவருக்குத் தரப்படும் அந்த ஐந்து நொடி ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் எழுதிய 13 விதிகளில் ஒன்பதாவதிலேயே அது இருக்கிறது. வெளியே போன பந்தை முதலில் தொட்டவரே உள்ளே எறியலாம் என்பதும் அதே விதி. பந்தின் பின்னால் இரண்டு அணியும் எப்படி விழுந்தடித்து ஓடியிருக்கும், நினைத்துப் பாருங்கள். தகராறு வந்தால் அம்பயரே பந்தை நேராக உள்ளே எறிந்துவிடுவார். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கடைசியாகத் தொட்டவரின் எதிரணிக்கே பந்து என்று பிற்பாடு மாறிய பிறகுதான் யாருக்கு, எங்கே, எப்படி என்று சொல்லும் பொறுப்பு நம் தலையில் வந்தது.

யாருக்கு என்பது சுலபம். நிறத்தைச் சொல்லி, திசையைக் கையால் காட்டுங்கள். அணியின் பெயர் வேண்டாம்; அவசரத்தில் நமக்கே குழம்பும். சர்வதேச ஆட்டங்களில் எறிபவருக்கும் உங்களுக்கும் பொதுமொழியே இல்லாமல் போகலாம். கூட்டத்தின் இரைச்சலில் பொதுமொழி இருந்தும் பயனில்லை. அதனால் வாய் சொல்வதைக் கையும் சொல்ல வேண்டும்.

எங்கே, எப்படி என்பதில்தான் சிக்கல். ஃபவுலுக்கோ, பந்து வெளியே போனதற்கோ தரப்படும் த்ரோ-இன் குறிப்பிட்ட இடத்திலிருந்து எறிய வேண்டியது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி அங்கே பக்கவாட்டில் மொத்தம் 1 மீட்டர் வரை நகரலாம், பின்னால் இடமிருக்கும் வரை போகலாம். காலைத் தூக்கினால் ‘டிராவல்’ (பந்தோடு நடந்த தப்பு) என்று எதிரணி கத்தும். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், த்ரோ-இன் எறிபவருக்கு டிராவல் கிடையாது. ஆனால் எதிரணி கூடை போட்ட பிறகு என்றால் கூடைக்குப் பின்னால் உள்ள கோடான பேஸ்லைன் முழுக்க ஓடலாம், கோட்டுக்கு வெளியே நிற்கும் தன் ஆளிடமே பந்தைக் கொடுக்கவும் செய்யலாம்.

இப்போது ஒரு நிலைமை. கூடை விழுகிறது, உடனே டைம்-அவுட். ஆட்டக்காரர்கள் திரும்பி வருகிறார்கள், நீங்கள் பேஸ்லைனில் பந்தோடு நிற்கிறீர்கள். பந்து நடுவர் கையில் இருந்தாலே அசையக் கூடாது என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். ஓடும் உரிமையோ அப்படியே இருக்கிறது. “ஓடலாம்” என்று சொல்லி, கையைக் கோட்டை ஒட்டி வீசிக் காட்டுங்கள். நான்காம் குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்தில் அதே டைம்-அவுட்டை எடுத்த அணியின் பயிற்சியாளர் முன்களத்தை, அதாவது எதிரணியின் கூடை உள்ள பாதியை, தேர்ந்தெடுத்தால் கதை வேறு. அப்போது பக்கக் கோடான சைட்லைனில் உள்ள த்ரோ-இன் கோட்டிலிருந்துதான் எறிய வேண்டும், ஓட முடியாது. “ஸ்பாட்” (இந்த இடத்திலிருந்துதான்) என்று சொல்லி விரலால் தரையைக் காட்டுங்கள். இந்த ஒரே ஒரு சொல்லுக்காக எத்தனை ஆட்டங்களில் எத்தனை சண்டை!

இதையெல்லாம் பந்து உங்கள் கையில் இருக்கும்போதே சொல்லி முடிக்க வேண்டும். எறிபவர் கைக்குப் போனதும் பந்து லைவ், அதாவது ஆட்டத்தில் வந்துவிட்டது, ஐந்து நொடி ஓடத் தொடங்கிவிடும். அதன்பிறகு நீங்கள் வாய் திறந்தால் எறிபவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார், அவருக்கு ஒரு நொடி போச்சு. எண்ணுவதைக் கை அசைவில் காட்டினால் போதும். பந்து உள்ளே ஒருவர் மீது பட்டதும் கையை வெட்டி இறக்கி, கடிகாரத்தை ஓடச் சொல்லுங்கள்.

அடுத்து, தடுக்கும் ஆட்டக்காரர். இவரைத்தான் புதிய நடுவர்கள் மறந்துவிடுகிறார்கள். எறிபவரிடம் சொன்னதை இவரும் கேட்க வேண்டும். கூடவே “கோட்டைத் தாண்டாதீர்கள்” என்பதும் இவருக்கு. பந்து கோட்டைக் கடப்பதற்கு முன் அவர் உடம்பின் எந்தப் பகுதியும் கோட்டுக்கு அப்பால் நீளக் கூடாது. கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரத்திலும் இந்த எச்சரிக்கையைச் சைகையில் காட்டியாக வேண்டும் என்று ஃபிபா விதியே சொல்கிறது. அதற்குப் பிறகும் கை நீண்டால் டெக்னிக்கல் ஃபவுல், அதாவது உடல் மோதல் இல்லாத தப்புக்கான ஃபவுல். எச்சரிக்கையைக் காட்டாமல் அந்த ஃபவுலைக் கொடுத்துப் பாருங்கள், பயிற்சியாளர் உங்களைச் சும்மா விடமாட்டார். என்னைக் கேட்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. விதி என்ன என்று சொல்லலாம். என்ன செய்வது நல்லது என்று சொல்லக் கூடாது. “ஓடலாம்” என்பது தகவல். “அந்தப் பக்கம் ஆள் காலியாக இருக்கிறார், ஓடு” என்பது பயிற்சியாளர் வேலை. இவ்வளவு அப்பட்டமாக யாரும் செய்வதில்லைதான். ஆனால் தடுமாறும் சின்னப் பையனைப் பார்த்தால் “சீக்கிரம் எறி, நேரமாகிறது” என்று வாய் வந்துவிடும். எதிரணிக்கு அதுவும் உதவியாகத்தான் படும்.

கடைசியாக ஒன்று. கடிகாரத்தில் 0.3 நொடி இருந்தால் பந்தைப் பிடித்து ஷாட் எடுக்கலாம். 0.2 அல்லது 0.1 என்றால் பந்தைத் தட்டிவிடலாம், அல்லது காற்றில் பிடித்து நேரே கூடைக்குள் திணிக்கலாம், அதாவது டங்க் செய்யலாம். பிடித்து எறிந்த ஷாட் செல்லாது. முதலில் உங்கள் சக நடுவர்களிடம் கண்ணால் ஒப்புதல் வாங்குங்கள். அப்புறம் எறியும் அணியிடம் “0.2, தட்டல் அல்லது டங்க் மட்டும்” என்று சொல்லுங்கள், தடுக்கும் அணியிடமும் அதே சொற்களைச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் தலையாட்டிய பிறகு பந்தைக் கொடுங்கள்.