புகையைப் பிடிக்கக் கொட்டும் பணத்தைக் காற்றிலும் வெயிலிலும் போடுங்கள்

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியிலேயே காபனீரொட்சைட்டைப் பிடித்துவிட்டால் காலநிலைக்கும் கேடில்லை, இரவிலும் கறண்ட் வரும் என்றார். அங்கே 300 மெகாவாட் அலகுகள் மூன்று இருக்கின்றன. ஓர் அலகுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நிலக்கரியில் ஒரு மெகாவாட் மணிக்கு ஏறக்குறைய 0.9 தொன் காபனீரொட்சைட்டு வரும். முழுநாள் ஓடினால் சுமார் 6,500 தொன். ஆனால் புகையில் அது நூற்றுக்கு 12 முதல் 15 பங்குதான். மிச்சம் பெரும்பாலும் நைதரசன். அதனால் புகை முழுவதையும் 40 பாகை அளவுக்குக் குளிரவைத்து, அந்த வாயுவை உறிஞ்சும் அமைன் என்ற இரசாயனக் கரைசலால் கழுவ வேண்டும். வாயுவை உறிஞ்சிய கரைசலை இன்னொரு கோபுரத்தில் 120 பாகைக்குச் சூடாக்கினால்தான் வாயு பிரியும். அந்தச் சூட்டுக்கு நீராவி எங்கே? டர்பைனைச் சுழற்ற வேண்டிய நீராவியைத்தான் இடையில் உருவ வேண்டும். பிறகு வாயுவை நிலத்தடியில் புதைப்பதற்காக 100 பாருக்கு மேல், அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய நூறு மடங்குக்கு மேல், அமுக்க வேண்டும், அதற்கும் மின்சாரம். எல்லாம் சேர்ந்து உற்பத்தியில் நான்கில் ஒன்று போனால், 300 தந்த அலகு 225 தரும். பழையபடி 300 வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரி கூடுதலாக எரிக்க வேண்டும். நுரைச்சோலையில் கப்பல் கரைக்கு வராது. பார்ஜ் படகுகளில் மாற்றித்தான் இறக்குகிறோம். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றுவிடும். அந்த மாதங்களுக்கு இப்போதே நிலக்கரியைக் குவித்து வைக்கிறோம். இந்தக் கூடுதலை எந்த மாதத்தில் இறக்கி, எந்த டொலரில் வாங்குவது?

கரைசலும் சும்மா இருக்காது. புகையில் கந்தகவீரொட்சைட்டு மிஞ்சினால் அமைனோடு சேர்ந்து, சூட்டிலும் பிரியாத உப்பாகிவிடும். சாம்பல் வெப்பமாற்றிகளை அடைக்கும். கனடாவின் பவுண்டரி டேம் நிலக்கரி மின்நிலையத்தின் மூன்றாம் அலகு 2014 இல் வாயுவைப் பிடிக்கத் தொடங்கி, ஆண்டுக்கு 10 இலட்சம் தொன் என்ற இலக்கை எட்ட முடியாமல் தடுமாறியது இப்படியான கோளாறுகளால்தான். 2021 இல் அதன் வாயு அமுக்கும் எந்திரம் பழுதாகி மாதக்கணக்கில் முடங்கியது. டெக்சாஸில் நிலக்கரிப் புகையைப் பிடிக்கும் பெட்ரா நோவா ஆலை, பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றுக்குள் செலுத்தி எண்ணெய் எடுத்தது. 2020 இல் எண்ணெய் விலை விழுந்ததும் நிறுத்தினார்கள், 2023 இல்தான் மீண்டும் ஓடியது. நமக்கு அந்த எண்ணெய்க் கிணறும் இல்லை. புதைக்க 800 மீட்டருக்குக் கீழே நுண்துளைப் பாறை வேண்டும்; இந்தத் தீவின் பெரும்பகுதியோ அத்தகைய துளைகளற்ற பளிங்குருப் பாறை. மன்னார்க் கடலடிப் படுகை இருக்கிறதே என்பார்கள். 2011 இல் அங்கே எரிவாயு கண்ட இடத்தில் கடலின் ஆழமே ஆயிரம் மீட்டருக்கு மேல்.

சீமெந்து ஆலைக்கு இந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்று நானே சொல்வேன். சுண்ணக்கல்லைச் சுட்டால் கல்லே வாயுவை விடும். காற்றாலை அதை மாற்றாது. மின்சாரத்துக்கோ மாற்று கண்முன் நிற்கிறது. மன்னார் தம்பபவனியின் 30 காற்றாலைகள், சுமார் 100 மெகாவாட். நிலக்கரி இறங்காத அதே தென்மேற்குக் காற்றில்தான் அவை மிகுதியாகச் சுழல்கின்றன.

சூரியமின் கட்டமைப்பைக் குலைக்கும் என்பதற்கு 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடளாவிய மின்தடையை எதிரணி எடுத்துக்காட்டியது. அன்று ஞாயிறு பகல்: தேவை குறைவு, கூரைச் சூரியமின் மிகுதி, அதிர்வெண்ணைச் சரியாமல் தாங்கும், சுழலும் கனத்த எந்திரங்கள் குறைவு. பாணந்துறை உப மின்நிலையக் கோளாற்றைக் கட்டமைப்பு தாங்கவில்லை. உண்மையான குறைதான், மறைக்க மாட்டேன். அதற்கு மருந்து பெரிய பற்றரிகள். அதிர்வெண் சரிந்ததும் கழன்றுவிடாதபடி கூரைச் சூரியமின்னைக் கட்டமைப்போடு இணைக்கும் இன்வேர்ட்டர் கருவிகளைத் திருத்தி அமைப்பது. பகலில் விக்டோரியா, மவுசாக்கலை நீரைத் தேக்கி மாலையில் திறப்பது. அன்று நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றன. அவை திரும்பி வர நாளெடுத்ததால்தான் 10, 11 ஆம் திகதிகளிலும் நமக்கு மின்வெட்டு. அந்த அலகுகளின் நீராவிக் குழாயில் அமைன் கோபுரத்தையும் தொடுத்தால் அவை இன்னும் விரைவாக எழும்புமா? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும்.