ஆகஸ்ட் கடைசியில் வரும் அழைப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடுவது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மோதித் தள்ளி முன்னேறும் ஆட்டம் அது. அதன் பெரிய லீக் என்எஃப்எல். மொத்தம் 32 அணிகள். கோடைக்காலப் பயிற்சி முகாமில் ஓர் அணி 90 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசிவாக்கில் குறித்த ஒரு நாளுக்குள் அந்த எண்ணிக்கை 53-க்கு இறங்கியாக வேண்டும். அணிக்கு 37 பேர். 32 அணிக்கும் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 1,200 பேருக்கு ஒரே வாரத்தில் வேலை போகிறது.

அந்த நாளில் முகாம் வாசலில் ஓர் ஊழியர் நிற்பார். வீரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘டர்க்’. உள்ளே வருகிற ஒருவரை நிறுத்தி, “கோச் உங்களைப் பார்க்கணுமாம், பிளேபுக்கையும் எடுத்துட்டு வாங்க” என்பார். கோச் எத்தனையோ காரணத்துக்காகக் கூப்பிடலாம். ஆனால் அணியின் உத்திகள் எல்லாம் எழுதியிருக்கும் பிளேபுக்கைத் திருப்பிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இப்போது புத்தகத்துக்குப் பதில் டேப்லெட் வந்துவிட்டது. கேள்வி மாறவில்லை.

இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அந்த அழைப்பு வந்தால் வலிக்கும், ஆனால் அவனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எட்டு, ஒன்பது வருடம் அதே சீருடையில் ஆடிய ஒருவருக்கு, தன் இடத்தில் இரண்டு புதுமுகங்களை வைத்துக்கொண்டு அணி அந்த அழைப்பை அனுப்பும்போது என்ன நடக்கிறது? இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் பணக் கணக்கு. 1994 முதல், நடுவில் 2010 ஒன்றைத் தவிர, ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. சாலரி கேப் என்பார்கள். 2025-இல் அது 27 கோடியே 92 லட்சம் டாலர். அதே ஆண்டில் ஒரு ரூக்கியின், அதாவது முதல் வருடப் புதுமுகத்தின், குறைந்தபட்சச் சம்பளம் 8 லட்சத்து 40 ஆயிரம். ஏழு வருடம் தாண்டியவருக்கு 12 லட்சத்து 55 ஆயிரம். பல ஆண்டுகளுக்கு முன்பே லீக் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்தது. மூத்தவர் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கையெழுத்திட்டால், அணியின் கேப் கணக்கில் இரண்டு வருட அனுபவம் உள்ளவரின் சம்பளம் மட்டும் ஏறும். விலை வித்தியாசமே மூத்தவர்களைத் துரத்திவிடும் என்று லீக்குக்கே தெரிந்திருந்தது.

ஆனால் தராசு நிஜமாகச் சாய்ந்தது 2011-இல். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2010 டிராஃப்டில் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. மறு வருடம் புது ஊதிய முறை வந்தது. முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 2 கோடியே 20 லட்சம்தான். அன்று முதல், திறமையுள்ள ரூக்கிதான் அணி வாங்கக்கூடியதிலேயே மலிவானவர், அதுவும் நான்கு வருடத்துக்கு. மிச்சமான பணம் மூத்தவர்களுக்கு வரும் என்றார்கள். என் பார்வையில் அது உச்ச நட்சத்திரங்களிடம் போய்ச் சேர்ந்தது. நடுவில் நின்ற, நம்பகமான, பெயர் பெரிதாக வெளியே தெரியாத மூத்தவர்தான் நசுங்கினார்.

அப்படிப்பட்டவரிடம் அப்படி என்ன இருக்கிறது? பந்து நகர்வதற்கு முந்தைய சில நொடிகளைப் பாருங்கள். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் ஒருவர் வழக்கமான இடத்தைவிட ஓரிரு அடி உள்ளே தள்ளி நிற்கிறார். புதுமுகத்தின் கண்ணில் அது படாது. தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்கும் மூத்த சேஃப்டிக்கு உடனே புரியும்: வெளிப்பக்கம் வெட்டி ஓடுவதற்கு இடம் வேண்டும் என்றுதான் அவர் உள்ளே நிற்கிறார். கையை வீசிக் கத்துகிறார். பக்கத்தில் இருப்பவர் நாலடி நகர்கிறார். பந்து வந்து விழும் இடத்தில் ஆள் ஏற்கெனவே தயார். ஆட்டக் குறிப்பில் இதற்கு ஒரு புள்ளிகூடப் பதிவாகாது. பயிற்சி முடிந்ததும் அவர் அந்தப் பையனைக் கூப்பிட்டு, “அவன் எங்கே நின்னான்னு பார்த்தியா?” என்று சொல்லிக்கொடுப்பார். தன் இடத்துக்குப் போட்டி போடுகிற பையன் அவன் என்று தெரிந்தேதான் சொல்லிக்கொடுப்பார். இந்த விளையாட்டில் என்னை மிகவும் நெகிழ வைப்பது இதுதான்.

2003-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் நடந்ததைச் சொல்கிறேன். லாயர் மில்லாய், 1996 முதல் அந்த அணியின் சேஃப்டி. அணித் தலைவர்களில் ஒருவர், லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் அணியின் முதல் வெற்றியில் ஆடியவர். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள், அவர் ஒப்பவில்லை. முதல் ஆட்டத்துக்கு ஐந்தே நாள் இருக்கையில், செப்டம்பர் 2 அன்று, அவரை விடுவித்தார்கள். சேஃப்டி இடத்துக்கு வந்தவர் அந்த வருடம்தான் டிராஃப்டில் எடுத்த யூஜின் வில்சன். அவரோ கல்லூரியில் கார்னர்பேக் என்ற வேறொரு தற்காப்பு இடத்தில் ஆடியவர். மில்லாய் உடனே பஃபலோ பில்ஸில் சேர்ந்தார். முதல் ஆட்டம் யாரோடு? பேட்ரியட்ஸோடு. பஃபலோ 31–0 என்று வென்றது. மில்லாயின் பழைய தோழர்கள் அன்று நிலைகுலைந்துதான் போனார்கள்.

முழுக்கதையையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் பேட்ரியட்ஸ் அதே பஃபலோவை அதே 31–0 கணக்கில் திருப்பி வென்றது. சீசனில் 14 வெற்றி, 2 தோல்வி, முடிவில் சூப்பர் பௌல். வில்சன் அருமையாக ஆடினார். ஆட்டக் கணக்கில் அந்த முடிவு சரியானது, அதை நான் மறுக்கவே மாட்டேன். அணி என்றால் இளரத்தம் வந்துதான் ஆக வேண்டும்.

எனக்குள்ள மனக்குறை, விடுவித்த நாளைப் பற்றியது. வில்சனுக்குப் பக்கத்தில் நின்று ஆடிய ராட்னி ஹாரிசனும் விடுவிக்கப்பட்டவர்தான். சான் டியாகோ அணிக்கு ஒன்பது சீசன் ஆடியவர். ஆனால் அவரை விடுவித்தது சீசனுக்குப் பல மாதம் முன்பே, எல்லா அணிகளும் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில். நிதானமாகப் பேசி, தனக்குப் பொருந்தும் அணியைத் தேர்ந்தெடுத்தார். 2012-இல் இண்டியானாபொலிஸ் அணி, ஆண்ட்ரூ லக் என்ற இளைஞரை எடுக்கும் முன், தன் நட்சத்திரம் பேட்டன் மேனிங்கை விடுவித்ததும் மார்ச் 7-இலேயே. உரிமையாளரும் மேனிங்கும் ஒரே மேடையில் நின்று கண் கலங்கிச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்குள் மேனிங் டென்வரில் சேர்ந்தார். 2016 பிப்ரவரியில் சூப்பர் பௌலையும் வென்றார்.

மில்லாய் பெரிய பெயர், அதனால் செப்டம்பரிலும் ஓர் அணி கதவைத் திறந்தது. பெயர் இல்லாதவருக்கு? ஆகஸ்ட் கடைசியில் 32 அணிகளிலும் இடம் நிரம்பிவிடும், பணமும் தீர்ந்திருக்கும். சம்பளம் சீசன் தொடங்கிய பிறகுதான் ஓடும். முகாமில் கிடைப்பது வாரப்படி. நான்கு சீசனாவது கணக்கில் சேர்ந்த வீரர் முதல் ஆட்டத்தன்று பட்டியலில் இருந்தால், பிறகு விடுவித்தாலும் அந்த வருடச் சம்பளத்தை அவர் கோரலாம். அதனாலேயே முதல் ஆட்டத்துக்கு முன் கழற்றிவிட்டு, ஆட்டம் முடிந்ததும் திரும்பக் கூப்பிடுகிற வழக்கமும் உண்டு. சட்டப்படி அதில் தவறில்லை. அப்பா வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று அந்தப் பத்து நாள் வீட்டில் இருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள்.

ரூக்கிகள் தேறுவார்களா, யாருக்காவது அடிபடுமா என்று தெரியாமல் மார்ச்சிலேயே எப்படி முடிவெடுப்பது என்று அணிகள் கேட்கின்றன. நியாயமான கேள்வி. ஆனால் மழை வருமோ என்று குடையாக அவரைச் சுமந்து போகிறீர்கள் என்றால், அந்தக் குடைக்கு வாடகை கொடுங்கள். முகாமுக்கு வரும் மூத்தவரின் சம்பளத்தில் ஒரு பங்கை, விடுவித்தாலும் தருவோம் என்று ஜூலையிலேயே உறுதி செய்யுங்கள். புதுமுகங்களுக்குத்தான் இடம் என்று மனத்துக்குள் முடிவாகிவிட்டதா, அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அந்தப் பையன்கள் வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு டர்க்கை அனுப்பாதீர்கள்.

மில்லாய் பஃபலோ, அட்லாண்டா, சியாட்டில் என்று 2010 வரை ஆடினார், மொத்தம் 15 சீசன். அவர் இடத்தில் வந்த யூஜின் வில்சன் 2008-இல் டாம்பா பே அணிக்கு மாறினார். சீசன் தொடங்கும் முன்பே அங்கிருந்து விடுவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 28.

வணக்கம்.